லாஸ் பான்யோஸில் வீடு பிடிப்பது எங்கே: வாசல் பக்கமா, ஏரிப் பக்கமா, கலம்பாவா?

கோவையில் வேளாண்மை படித்த தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். பிலிப்பைன்ஸில், லாஸ் பான்யோஸ் ஊரில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில், அதாவது இர்ரியில், அவருக்கு இரண்டு வருட வேலை கிடைத்திருக்கிறது. மனைவியும் மூன்று வயதுக் குழந்தையும் கூடப் போகிறார்கள். "அண்ணா, மூணு வீடு பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு யுனிவர்சிட்டி வாசலுக்குப் பக்கத்துல, ரொம்பச் சின்னது. ஒண்ணு ஏரிப் பக்கம், தனி வீடு, வாடகை கம்மி. மூணாவது கலம்பாவுல, புது அபார்ட்மென்ட். எதை எடுக்கட்டும்?" என்று கேட்டார்.

நான் அந்த ஊரில் மூன்று வருடம் இருந்தவன். முதல் ஒன்றரை வருடம் ஏரிப் பக்கம், அப்புறம் வாசல் பக்கம். அவருக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வருடா வருடம் யாராவது ஒருவர் இதே கேள்வியோடு அந்த ஊருக்குக் கிளம்புகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னதாக இருந்தாலும் வாசல் பக்கத்து வீட்டை எடுங்கள். வாடகையைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். வேலைக்குப் போக எத்தனை வண்டி மாற வேண்டும் என்பது ஒன்று. பெருமழைக்கு அந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம்.

மலைக்கும் ஏரிக்கும் நடுவே

லாஸ் பான்யோஸ் மணிலாவிலிருந்து தென்கிழக்கே சுமார் 63 கிலோமீட்டர், லகுனா மாகாணத்தில் இருக்கிறது. 'குளிக்கும் இடங்கள்' என்று பொருள்படும் ஸ்பானியப் பெயர். மக்கிலிங் மலையடிவாரத்து வெந்நீர் ஊற்றுகளால் வந்தது. 2000ஆம் ஆண்டு ஜனாதிபதி இதை அறிவியலுக்கும் இயற்கைக்குமான சிறப்பு நகரம் என்று அறிவித்தார். ஆனாலும் சட்டப்படி இன்றும் இது முனிசிபாலிட்டிதான். 14 பரங்காய்கள் கொண்டது. பரங்காய் என்றால் நம்மூர் வார்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனி அலுவலகம் எல்லாம் உண்டு. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,15,353. ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'எல்பி' என்பார்கள்.

நம்மூரில் ஐ.ஆர்.20, ஐ.ஆர்.50 விதைத்தவர்கள் வீட்டிலெல்லாம் இந்த ஊரின் அடையாளம் ஒன்று இருந்திருக்கிறது. அந்த 'ஐ.ஆர்.' இர்ரியின் எழுத்துதான். 1960இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமை இயக்குநராக 1982 முதல் 1988 வரை எம்.எஸ். சுவாமிநாதன் இருந்தார். ஆக, தமிழர்கள் இங்கே வந்து குடியிருப்பது புதிது இல்லை.

வீடு தேடும்போது ஊரின் அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 1,090 மீட்டர் உயர மக்கிலிங் மலை. மறுபக்கம் சுமார் 900 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள லகுனா டி பாஈ என்ற ஏரி. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு பட்டை நிலம், அதில் ஒரே ஒரு நெடுஞ்சாலை. பஸ், ஜீப்னி (நம் ஷேர் ஆட்டோ மாதிரி பலரை ஏற்றும் நீள வண்டி), லாரி எல்லாம் அதில்தான் போயாக வேண்டும். அது அடைத்துக்கொண்டால் சுற்றிப்போக வழி அதிகம் கிடையாது. (ஏரியின் பெயரில் ஆங்கிலத்தில் Bay என்று வருவதை வளைகுடா என்று நினைத்துவிடாதீர்கள். எல்பிக்கு அடுத்த ஊரின் பெயர் அது. 'பே' என்று சொன்னால் ஜீப்னிக்காரருக்குப் புரியாது, 'பாஈ' என்று சொல்லுங்கள்.)

ஏரிப் பக்கம்: வாடகை குறைவதற்குக் காரணம் உண்டு

மாயோன்டோன் என்ற பரங்காயில் எனக்கு இரண்டு அறை, முன்னால் ஒரு மாமரம், பின்னால் துணி காயப்போட இடம் என்று தனி வீடு கிடைத்தது. காலையில் ஏரிக்காற்று வரும். சந்தையில் ஏரி திலாப்பியா உயிரோடு கிடைக்கும். காங்கோங் என்று கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அது நம் வள்ளைக்கீரைதான். பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தால் ஊர் ஞாபகம் வந்துவிடும். அக்கம்பக்கத்தவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவர்களே சோறூட்டி அனுப்பும் அளவுக்கு நல்லவர்கள். இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் குடிபோன அன்றைக்கே கூடத்துச் சுவரில் இடுப்பளவில் ஒரு மங்கலான கோடு கண்ணில் பட்டது. மேலே இரண்டு முறை பெயின்ட் அடித்திருந்தார்கள். அப்படியும் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது தெரிந்தது. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். "ஒண்டோய்" என்றார். அவ்வளவுதான். அந்த ஊரில் அந்த ஒரு சொல் போதும்.

2009 செப்டம்பர் 26ஆம் தேதி மணிலாவை மூழ்கடித்த புயலுக்குப் பிலிப்பைன்ஸில் வைத்த பெயர் ஒண்டோய். மணிலாவில் பெய்த மழை 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுச் சுவரில் எப்படிக் கோடு போட்டது என்று எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மரிகினா ஆறு பெருக்கெடுத்தால் தலைநகரைக் காப்பாற்ற அந்த வெள்ளத்தை மங்கஹான் என்ற வெட்டுக்கால்வாய் வழியாக இந்த ஏரிக்குத் திருப்பிவிடுகிறார்கள். 1980களில் கட்டிய கால்வாய் அது. ஏரிக்குள் தண்ணீர் வர பல ஆறுகள், ஓடைகள். வெளியே போக நபிந்தான் வாய்க்கால், அதைத் தொடர்ந்து பாசிக் ஆறு என்று ஒரே வழி. ஏரியின் சராசரி ஆழமோ இரண்டரை மீட்டர்தான். தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி, கொஞ்சம் ஏறினாலும் கரையில் வெகுதூரம் பரவிவிடும். மணிலா விரிகுடாவில் கடல்மட்டம் ஏறியிருந்தால் வடிவதும் நின்றுபோகும். அதனால்தான் 2009இல் ஏரிக்கரை ஊர்களில் வெள்ளம் மாதக்கணக்கில் நின்றது. 2012 ஆகஸ்ட் பருவமழையிலும் ஏரி மறுபடி ஏறியது.

நம்மூர் வெள்ளத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். சென்னையில் தண்ணீர் வேகமாக ஏறும், சில நாளில் இறங்கும். இங்கே மெதுவாக ஏறும், இறங்க மனசே வராது. நான் இருந்த இரண்டாவது மழைக்காலத்தில் புயல் எதுவும் எங்கள் ஊருக்கு நேராக வரவில்லை. இருந்தும் ஏரித் தண்ணீர் தெருமுனை வரை வந்து கணுக்கால் அளவில் இரண்டு வாரம் நின்றது. டிரைசைக்கிள்கள், அதாவது பக்கவாட்டுப் பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிள்கள், தெருவுக்குள் வரவில்லை. ரப்பர் செருப்போடு நடந்துபோய், நெடுஞ்சாலையில் ஒரு பெட்டிக்கடைக் குழாயில் கால் கழுவி, பையிலிருந்து ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு ஜீப்னி ஏறுவேன். எனக்கு அது பெரிய கஷ்டம் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும். பிலிப்பைன்ஸில் ஒவ்வொரு மழைக்காலமும் அதனால் ஆட்கள் சாகிறார்கள். வெள்ளத்தில் நடந்தவர்கள் டாக்டரைக் கேட்டு டாக்ஸிசைக்ளின் மாத்திரை போட்டுக்கொள்ளும்படி சுகாதாரத் துறையே சொல்கிறது. மூன்று வயதுக் குழந்தையைத் தெருவில் விடாமல் இரண்டு வாரம் வீட்டுக்குள் வைத்திருக்க முடியுமா என்று தம்பியிடம் கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

சட்டத்தில் இந்த ஏரியின் கரைநிலத்துக்கு 12.5 மீட்டர் என்று ஓர் உயரக்கோடு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருக்கும் நிலம் ஏரியைச் சேர்ந்தது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலும் கீழேயும் எத்தனையோ குடும்பங்கள் வேறு வழியில்லாமல் வாழ்கின்றன. வேறு வழி உள்ள நாம் போய் அங்கே உட்காருவது சரியில்லை என்பது என் எண்ணம். பாய்பாயின், பாயோக், மலின்டா, மாயோன்டோன் போன்ற கரையோரப் பரங்காய்கள் முழுக்க மூழ்கிவிடும் என்று சொல்லவில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களில் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. நெடுஞ்சாலையிலிருந்து ஏரியை நோக்கி எத்தனை தெரு இறங்குகிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வாசல் பக்கம்

பத்தோங் மலாக்கே என்ற பரங்காய்தான் ஊரின் நடுநெஞ்சு. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் லாஸ் பான்யோஸ் வளாகம் இங்கேதான் தொடங்குகிறது. 1909இல் வேளாண் கல்லூரியாக ஆரம்பித்தது அது. நெடுஞ்சாலையிலிருந்து லோப்பெஸ் அவென்யூ பிரியும் இடத்தை 'ஜங்ஷன்' என்பார்கள். மணிலா பஸ்ஸில் 'சாந்தா குரூஸ்' என்று பலகை போட்ட வண்டியில் ஏறி இங்கே இறங்கலாம். ஜங்ஷனிலிருந்து வளாக வாசல் நடக்கிற தூரம். மளிகை, மருந்துக்கடை, வங்கி, துணி வெளுக்கும் கடை எல்லாம் அந்தத் தூரத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

ஜீப்னியைப் பற்றிக் கொஞ்சம். நீளமான உடம்பு, பின்னால் ஏறும் வழி, எதிரெதிரே இரண்டு பெஞ்சு. வளாகத்துக்குள் சுற்றும் ஜீப்னிகளில் 'காலிவா', 'கானன்' என்று இரண்டு பலகை இருக்கும். காலிவா என்றால் இடது, கானன் என்றால் வலது. வாசல் தாண்டி எந்தப் பக்கம் திரும்பிச் சுற்றும் என்பதுதான் அது. முதல் வாரம் எல்லோருக்கும் குழம்பும், இரண்டாம் வாரம் தானாக வந்துவிடும். மலைமேல் வனவியல் கல்லூரிக்குப் போகும் ஜீப்னி தனி.

டிரைவருக்குப் பக்கத்தில் உட்காராவிட்டால் காசை முன்னால் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். "பாயாட் போ" என்று சொல்லி நீட்டினால் கைமாறிக் கைமாறி டிரைவரிடம் போகும், சில்லறை அதே வழியில் திரும்பி வரும். இறங்க "பாரா போ". இந்த 'போ' நம் காதுக்கு முதலில் விரட்டுவது போல விழும். உண்மையில் அது நாம் 'வாங்க, சொல்லுங்க' என்று சேர்க்கும் 'ங்க' தான். வயதில் மூத்தவரிடம் போ இல்லாமல் பேசுவது அங்கே மரியாதைக் குறைவு. டிரைவரைக் 'குயா' என்று கூப்பிடுங்கள், அண்ணன் என்று அர்த்தம். கடைக்காரப் பெண்மணி 'ஆத்தே', அதாவது அக்கா. இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு நான் முதல் ஆறு மாதத்தை ஓட்டினேன்.

கட்டணக் கணக்குக்கு வருவோம். 2023 அக்டோபரில் சாதாரண ஜீப்னியின் குறைந்தபட்சக் கட்டணம் 13 பெசோ (அந்த நாட்டுப் பணம்) ஆனது. ஏசி வைத்த புது வகை ஜீப்னிக்கு 15. சாதாரண ஜீப்னியில் முதல் 4 கிலோமீட்டர் அந்தக் காசில் அடங்கும், அப்புறம் கிலோமீட்டருக்கு 1.80 சேரும். மாணவர், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டப்படி 20 சதவீதத் தள்ளுபடி. மாதம் 22 நாள் வேலை என்று வைத்தால், ஒரே ஜீப்னியில் போய் வர 572 பெசோ. ஒரு முறை மாற வேண்டியிருந்தால் 1,144. இதில் டிரைசைக்கிள் சேரவில்லை. பலரோடு பகிர்ந்து ஏறினால் ஒரு விலை. முழு வண்டியையும் நீங்களே எடுத்துக்கொண்டால் 'ஸ்பெஷல்', அது சில மடங்கு. 1991 உள்ளாட்சிச் சட்டப்படி டிரைசைக்கிளுக்கு உரிமம் கொடுப்பதும் கட்டணம் வைப்பதும் அந்தந்த ஊராட்சி மன்றத்தின் வேலை. அதனால் எல்பி கட்டணம் வேறு, கலம்பா கட்டணம் வேறு. ஏறுமுன் "ஸ்பெஷல்தானா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் ஏறினால் ஸ்பெஷல்தான்.

இரவைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஆராய்ச்சி வேலை ஆறு மணிக்கு முடியாது. ஒன்பது, பத்து மணிக்கு வெளியே வந்தால் வளாகத்துக்குள் ஜீப்னி குறைந்துவிடும். இர்ரி, வாசலிலிருந்து வளாகத்துக்குள் பிலி டிரைவ் என்ற சாலை வழியாக நடந்தால் அரை மணி நேரத் தூரம். வாசல் பக்கம் வீடு இருந்தால் சைக்கிளிலோ நடந்தோ வந்துவிடலாம். இருபுறமும் மரம், பாதுகாப்பான சாலை. நான் மாயோன்டோனிலிருந்தபோது அதே நேரத்தில் ஸ்பெஷல் டிரைசைக்கிள் எடுத்தே வாடகையில் மிச்சம் பிடித்ததில் பாதி கரைந்தது.

குறைகளும் உண்டு. வீடுகள் சின்னவை, பெரும்பாலும் மாணவர்களுக்காகத் தடுத்த அறைகள். வார இறுதி இரவில் சத்தம் இருக்கும். குரோவ் என்று சொல்லும் உணவகத் தெருவை ஒட்டி வேண்டாம், இரண்டு தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள். பல்கலைக்கழகம் திறக்கும் மாதத்தில் தேடினால் எதுவும் கிடைக்காது. அதற்கு ஒரு மாதம் முன்னால் தேடுங்கள்.

இன்னும் மேலே, ஜம்போரி சாலைப் பக்கம் வீடு கிடைத்தால் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குளிர்ச்சி, பறவைச் சத்தம், ஏரி வெள்ளப் பயமே இல்லை. சொந்த வண்டி இருந்தால் தாராளமாக எடுங்கள். ஆனால் மலை ஓடைகளை ஒட்டிய வீடாக இருக்கக்கூடாது. 2006 செப்டம்பர் 28இல் வந்த மிலென்யோ புயல் மக்கிலிங் சரிவில் மண்சரிவையும் ஓடைப் பெருக்கையும் கொண்டுவந்தது. ஏரி மெதுவாக ஏறும், ஓடை மணிக்கணக்கில் ஏறும்.

கலம்பாவும் மணிலாவும்

கலம்பா பெரிய ஊர். மால், பெரிய மருத்துவமனை, புது அபார்ட்மென்ட் எல்லாம் உண்டு. துணைவருக்கு மணிலா பக்கம் வேலை என்றால், அல்லது பிள்ளைகள் பிஞான், சாந்தா ரோசா பக்கத்துச் சர்வதேசப் பள்ளிகளில் படிப்பதென்றால், கலம்பாதான் நியாயமான நடுவழி. தெற்கு லூசோன் விரைவுச்சாலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

வேலை எல்பியில் மட்டும் என்றால் வேண்டாம். 11 கிலோமீட்டர் என்று வைத்தால் ஜீப்னிக்கு சுமார் 26 பெசோ. காசு ஒரு பொருட்டில்லை, நேரம்தான். வழியில் பன்சோல் இருக்கிறது. வெந்நீர்க் குளம் வைத்த ரிசார்ட்டுகள் வரிசையாக இருக்கும் இடம். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை மணிலாவே அங்கே குளிக்க வருகிறது. அரை மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரம் ஆகும். சனிக்கிழமை வயல் வேலை உள்ளவர்களுக்கு இது பெரிய தொந்தரவு.

ரயில் வரும் என்று தரகர்கள் சொல்வார்கள். கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், உண்மை. வடக்கே கிளார்க்கிலிருந்து தெற்கே கலம்பா வரை 147 கிலோமீட்டர். அந்த வேலைக்காகவே 2024 மார்ச் 28இல் மணிலாவின் பழைய பயணியர் ரயிலை நிறுத்திவிட்டார்கள். புது ரயில் வந்தாலும் கலம்பாவோடு நிற்கும், எல்பிக்கு அங்கிருந்து ஜீப்னிதான். இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறவர் அந்த ரயிலை நம்பி வீடு எடுக்க வேண்டாம். மணிலாவில் தங்கி தினமும் போய்வருவதைப் பற்றி ஒரே வரிதான்: அதைச் செய்தவர்கள் யாரும் மூன்று மாதம் தாண்டி நான் பார்க்கவில்லை.

கரண்ட், தண்ணீர், கேஸ்

இவை மூன்று இடத்துக்கும் பொது, ஆனால் வீட்டுக்கு வீடு மாறும்.

மின்சாரம் மெரால்கோ என்ற தனியார் நிறுவனத்தின் வழியாக வருகிறது. நம்மூர் மாதிரி முதல் 100 யூனிட் இலவசம் கிடையாது. மிகக் குறைவாகச் செலவழிப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு, ஏசி போடும் வீட்டுக்கு அது வராது. 2024, 2025இல் பெரும்பாலான மாதங்களில் யூனிட் 11 முதல் 13 பெசோ வரை இருந்தது. மாதம் 300 யூனிட் என்றால் 3,600 பெசோ பக்கம் போகும். விலை மாதாமாதம் மாறும். மின் உற்பத்தி, மின் கடத்தல், மின் இழப்பு என்று பில்லில் தனித்தனிக் கட்டணங்கள் இருக்கும், முதல் பில்லைப் பொறுமையாக உட்கார்ந்து படியுங்கள்.

இதில் நான் ஏமாந்த இடம் சப்மீட்டர். பல வாடகை வீடுகளில் கம்பெனி மீட்டர் ஒன்றுதான். வீட்டுக்காரர் ஒவ்வொரு பகுதிக்கும் தன் சொந்த மீட்டர் வைத்துத் தானே வசூலிப்பார். நான் முதலில் பார்த்த ஒரு வீட்டில் அப்படி யூனிட்டுக்குக் கம்பெனி விலையைவிட இரண்டு மூன்று பெசோ கூட்டி வைத்திருந்தார்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, அதைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் அலைந்தேன். உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் கம்பெனி பில்லைக் காட்டச் சொல்லுங்கள். அதில் வரும் யூனிட் விலையையே சப்மீட்டருக்கும் போடுவதாக எழுதி வாங்குங்கள்.

மின்வெட்டை அங்கே 'பிரவுன்அவுட்' என்பார்கள். சாதாரண நாளில் பெரிதாக இருக்காது. புயல் வந்தால் கதை வேறு. 2014 ஜூலையில் கிளெண்டா புயல், மணிலாவும் எல்பியும் இருக்கும் லூசோன் தீவின் பெரும்பகுதியை இருட்டாக்கியது, லகுனாவிலும் பல இடங்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. பவர் பேங்க், சார்ஜ் விளக்கு, ஒரு வாளி குடிநீர் எப்போதும் இருக்கட்டும்.

சமையலறைக்கு ஒரு விஷயம். அங்கே 230 வோல்ட், நம் அளவுதான். ஆனால் 60 ஹெர்ட்ஸ். பிளக் தட்டை முனை, நம் உருண்டை முனை நுழையாது. மிக்ஸிக்கு ஹெர்ட்ஸ் பற்றிக் கவலையில்லை. கிரைண்டர் மோட்டார் மட்டும் ஊரில் ஓடுவதைவிட ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். மாவு சீக்கிரம் சூடாகும். என் மனைவி ஐஸ் தண்ணீர் விட்டு, நடுநடுவே நிறுத்தி ஆட்டுவார், இட்லி நன்றாகவே வந்தது.

குழாய்த் தண்ணீரை ஊரின் நீர் விநியோக அமைப்பு கொடுக்கிறது. 1973ஆம் ஆண்டு ஆணையின் கீழ் நாடு முழுக்க இப்படி உள்ளூர் நீர் மாவட்டங்கள் வந்தன. சில குடியிருப்புகளுக்குத் தனி ஆழ்குழாய்க் கிணறு இருக்கும். குடிப்பதற்குப் பெரும்பாலோர் தெருவுக்குத் தெரு உள்ள சுத்திகரிப்புக் கடையிலிருந்து ஐந்து காலன் நீலக் கேன் வாங்குகிறார்கள். ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் வீட்டு வாசலுக்கு வரும். நாங்களும் அதைத்தான் குடித்தோம், குழந்தைக்கு மட்டும் கொதிக்கவைத்துக் கொடுத்தோம். எங்கள் வாசல் பக்கத்து வீட்டில் காலை ஆறு முதல் எட்டு வரை மாடிக்குத் தண்ணீர் நூலாகத்தான் வரும். தெரு முழுக்க மாணவர்கள் குளிக்கும் நேரம் அது. முந்தின இரவே வாளிகளில் பிடித்து வைத்துவிடுவோம். அந்தப் பக்கத்து வீடுகளில் எனக்கு இருந்த உண்மையான குறை இது ஒன்றுதான்.

கேஸ் சிலிண்டர் 11 கிலோ. போன் செய்தால் அன்றைக்கே வரும், பதிவு செய்து காத்திருக்கும் வேலை இல்லை. இங்கிருந்து ரெகுலேட்டர் தூக்கிப் போகாதீர்கள், பொருந்தாது. இணையத்துக்கு வீட்டு ஃபைபர் எடுத்தால் பெரும்பாலும் 24 மாதக் கட்டாய ஒப்பந்தம். உங்கள் வேலை ஒப்பந்தம் அதைவிடச் சின்னதென்றால் ப்ரீபெய்ட் வைஃபை போதும். சிம் வாங்க 2022 சட்டப்படி பதிவு வேண்டும். சுற்றுலா விசாவில் பதிந்த சிம் 30 நாளில் செத்துவிடும், வேலை விசா ஆவணத்தோடு பதியுங்கள். கடைக்குப் போகும்போது மஞ்சப்பை எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பைக்கும் தெர்மகோல் டப்பாவுக்கும் எதிராக எல்பி 2008லேயே உள்ளூர்ச் சட்டம் போட்ட ஊர்.

தம்பிக்கு என்ன சொன்னேன்

அங்கே அட்வான்ஸ் பொதுவாக ஒரு மாத முன்வாடகை, இரண்டு மாத டெபாசிட். சென்னை மாதிரி பத்து மாதம் கேட்கமாட்டார்கள். அதனால் முதல் மூன்று மாதத்துக்கு ஏதாவது ஒரு அறை எடுத்துவிட்டு, நேரில் சுற்றிப் பார்த்து மாறுவது பெரிய நஷ்டம் இல்லை. நிறுவனத்தின் தங்கும் விடுதி கிடைத்தால் இன்னும் நல்லது. மழைக்காலம் ஜூனிலிருந்து நவம்பர் வரை. அந்த நேரத்தில் போய் இறங்கினால் எந்தத் தெரு எப்படி என்று ஊரே காட்டிக்கொடுத்துவிடும்.

அவர் போவது பிப்ரவரியில். அப்போது எல்லாத் தெருவும் காய்ந்து அழகாக இருக்கும், ஏரி வீடு இன்னும் அழகாக இருக்கும். அதனால் இப்போதே அந்த வீட்டுக்காரரிடம் வீடியோவில் கூடத்துச் சுவரின் அடிப்பகுதியைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். தெருவில் டிரைசைக்கிள் ஓட்டும் குயா யாரிடமாவது "ஒண்டோய்க்கு இங்கே எவ்வளவு வந்தது?" என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். தரகர் மறைத்தாலும் அவர் இடுப்பைத் தொட்டுக் காட்டிவிடுவார்.

வாசல் பக்கத்து வீட்டுக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் கேட்க ஒன்று பாக்கியிருக்கிறது. அது இரண்டாவது மாடி. மேலே தனித் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தம்பி நாளைக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.